மலையிலிருந்து கூடைப்பந்து ஆடப் போகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூர் பக்கம் ஓர் எஸ்டேட் லயனில் பிறந்தவள் நான். பாட்டி குடும்பம், இலங்கைத் தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில், கண்டியிலிருந்து வந்தது. அம்மா கொழுந்து பறித்தார். கூடைப்பந்தால் எனக்கு வேலை கிடைத்தது. 11 வருடம் அந்த வேலைக்காக ஆடினேன். முழங்கால் போன பிறகு ஊருக்கே மாற்றல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். சனி, ஞாயிறு காலையில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறேன்.

கோர்ட் ஓரத்தில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு நிற்கும் அப்பா அம்மாக்கள் கேட்பதெல்லாம் பெரும்பாலும் ஒரே கேள்விகள். ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொன்னால் பயிற்சி நேரம் போய்விடுகிறது. அதனால் எழுதி வைக்கிறேன். சிலதுக்கு நீளமான பதில் இருக்கும், சிலதுக்கு ஒரு வரிதான்.

கூடைப்பந்து ஆடிப் பிழைக்க முடியுமா?

முடியும். ஆனால் டி.வி.யில் பார்க்கிற மாதிரி அல்ல. நம் நாட்டில் ஒருவர் முழுநேரக் கூடைப்பந்து வீரர் என்றால், பெரும்பாலும் அவருக்கு ஏதோ ஓர் ஆபீசில் ஒரு நாற்காலி இருக்கிறது என்று அர்த்தம். தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி, ஐ.ஓ.பி., வருமான வரித் துறை, காவல்துறை, ராணுவம் என்று அணி வைத்திருக்கும் இடங்கள் ஆட்டக்காரர்களை வேலைக்கு எடுக்கும். கிடைப்பது அந்த வேலைக்கான சம்பளம்தான். கூடை போட்டதற்குத் தனியாக யாரும் காசு தர மாட்டார்கள். காலையிலும் மாலையிலும் பயிற்சி, நடுவில் ஆபீஸ், போட்டி வந்தால் சிறப்பு விடுப்பு.

இதைக் கேட்டதும் சிலருக்கு முகம் வாடும். எனக்கு இந்த ஏற்பாட்டில் குறை இல்லை. அமெரிக்காவில் ஒப்பந்தம் முடிந்தால் வீரர் அடுத்த அணியைத் தேட வேண்டும், கிடைக்காவிட்டால் கதை முடிந்தது. எனக்கு முழங்கால் போனது 32 வயதில். வேலையும் சம்பளமும் அப்படியே இருக்கின்றன.

தனியார் லீக் இல்லையா என்றால், இருக்கிறது, ஆனால் நிலையாக இல்லை. யு.பி.ஏ. என்ற லீக் 2015-ல் தொடங்கி 2017-ல் நின்றுபோனது. பிறகு ஐ.என்.பி.எல். வந்தது. அதன் முதல் சீசனை, 2022-23-ல், சென்னை ஹீட் அணி வென்றது. கூப்பிட்டால் போய் ஆடலாம், நல்ல அனுபவம், கையில் கொஞ்சம் பணமும் வரும். அதை நம்பி நிரந்தர வேலையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

எடுத்ததும் நிரந்தர வேலை தருவார்களா?

எனக்குத் தரவில்லை. முதல் 2 வருடம் மாதாமாதம் உதவித்தொகைதான். அப்புறம்தான் உத்தரவு வந்தது. அந்த 2 வருடமும் யாராவது மோதிவிடுவார்களோ என்ற பயத்திலேயே ஆடினேன்.

எந்த வயதில் ஆரம்பிக்க வேண்டும்?

9, 10 வயதில் பந்தைத் தட்டத் தொடங்கினால் போதும். 6 வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வராதீர்கள். அதற்கு 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கும் ரிங்கைப் பார்க்கவே கழுத்து வலிக்கும். அந்த வயதுக்கு ஓட்டமும் கயிறு தாண்டுவதும் போதும்.

12, 13 வயதில் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கும். அதைக் கீழே விடுதி பற்றிச் சொல்லும்போது எழுதுகிறேன்.

என் பையன் குட்டை. ஆடலாமா?

வாரத்துக்கு ஒரு தடவையாவது இதைக் கேட்கிறார்கள். உயரம் வேண்டாம் என்று சொன்னால் பொய் சொன்னதாகிவிடும். எந்தத் தேர்வுக்குப் போனாலும் முதலில் சுவரோரம் நிறுத்தி உயரம்தான் அளப்பார்கள். ஆனால் அணியில் ஐந்து இடம் இருக்கிறது. பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவருக்கு, பாயின்ட் கார்டுக்கு, கையும் கண்ணும் முக்கியம். மக்சி போக்ஸ் என்று ஒருவர் 5 அடி 3 அங்குல உயரத்தோடு அமெரிக்காவின் பெரிய லீக்கான என்.பி.ஏ.யில் 14 சீசன் ஆடினார். 160 சென்டிமீட்டர் என்றால் எங்கள் எஸ்டேட்டில் பாதிப் பேர் அவரைவிட உயரம்.

குட்டைப் பிள்ளைக்கு இரண்டு கையிலும் பந்து பேச வேண்டும். இடது கையால் பல் தேய்க்கச் சொல்லுங்கள், சாவியை இடது கையால் திருப்பச் சொல்லுங்கள். என் முதல் பி.டி. டீச்சர் எனக்குச் சொன்னது இதுதான். ஒரு வருடம் சட்டையெல்லாம் பற்பசை.

ஏதோ ஒரு பொடியைக் குடித்தால் உயரம் கூடும் என்று விற்கிறார்கள். கூடாது. கம்பியில் தொங்கினாலும் கூடாது. அப்பா, அம்மா உயரமும் வளரும் வயதில் கிடைக்கும் சாப்பாடும் தூக்கமும்தான் கணக்கு.

மலைக் காற்றில் வளர்ந்தால் மூச்சு தாங்கும் என்கிறார்களே?

பாதி உண்மை. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். கொடைக்கானல் 2,130-ஐ ஒட்டி. இந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜன் கடற்கரையில் கிடைப்பதில் முக்கால் பங்குதான். உடம்பு அதை ஈடுகட்டப் பார்க்கும். சிறுநீரகம் எரித்ரோபொய்டின் என்ற சுரப்பை அதிகமாக விடும், சிவப்பணுக்கள் கூடும். அதற்காகத்தான் கீழேயிருந்து ஓட்டக்காரர்கள் ஊட்டி எச்.ஏ.டி.பி. மைதானத்துக்குப் பயிற்சிக்கு வருகிறார்கள். அமெரிக்காவில் டென்வர் அணி தங்கள் ஊரின் உயரத்தை, 5,280 அடி என்று, ஆடுகளத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. வெளியூர் அணி உள்ளே நுழையும்போதே கொஞ்சம் பயப்படட்டும் என்றுதான். மீட்டரில் அது 1,609. நம் குன்னூரே 1,800-க்கு மேல்! மெக்சிகோ நகரம் கிட்டத்தட்ட ஊட்டியின் அதே உயரம். அங்கே என்.பி.ஏ. போட்டிகளே நடந்திருக்கின்றன.

சரி, மீதிப் பாதி. இங்கே காற்று மெலிசாக இருப்பதால் முழு வேகத்தில் திரும்பத் திரும்ப ஓடிப் பழக முடியாது, சீக்கிரம் இரைக்கும். கூடைப்பந்து மாரத்தான் அல்ல. 28 மீட்டர் பாய்ந்து, சட்டென்று நின்று, குதித்து, திரும்பிப் பாயும் ஆட்டம். அந்த வேகத்தைப் பழக அடர்த்தியான காற்று வேண்டும். அதனால்தான் விளையாட்டு மருத்துவர்கள் உயரத்தில் தங்கி, கீழே இறங்கிப் பயிற்சி செய்வது நல்லது என்கிறார்கள். மலையில் சேர்த்த சிவப்பணுவும் கீழே போய்ச் சில வாரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும்.

இதைவிடப் பெரிய விஷயத்தை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. வெயில்! 14 வயதில் முதல் தடவையாக மே மாதம் சென்னையில் ஆடினேன். மூச்சு நன்றாகத்தான் இருந்தது. ஆட்டத்தின் இரண்டாம் கால்பகுதியில் இரண்டு கெண்டைக்காலும் இழுத்துக்கொண்டன. மலைப் பிள்ளைக்கு வியர்க்கவே தெரியாது. புழுக்கத்துக்கு உடம்பு பழக 10 நாளிலிருந்து 2 வாரம் ஆகும். அதனால் கீழே போட்டி என்றால் முந்தின இரவு பஸ்ஸில் போய் இறங்காதீர்கள். முடிந்தால் ஒரு வாரம் முன்பே சொந்தக்காரர் வீட்டில் தங்க வையுங்கள், உப்புப் போட்ட மோரைக் கொடுங்கள்.

கீழே வாங்கி வந்த பந்து இங்கே கல் மாதிரி இருக்கிறதே, போலியா?

போலி இல்லை. பந்துக்குள் இருக்கும் காற்று அப்படியே இருக்கிறது, வெளியே இருந்து அழுத்தும் காற்றுதான் குறைந்துவிட்டது. மேட்டுப்பாளையத்தில் 8 பவுண்டு அழுத்தத்தில் அடித்த பந்தை ஊட்டிக்குக் கொண்டுவந்தால், குளிரால் உள்காற்று சுருங்குவதைக் கழித்த பிறகும், 9-க்கு மேல் காட்டும். கொஞ்சம் காற்றை இறக்குங்கள்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். எங்கள் பள்ளி அணி இங்கே சரியாக அளந்து அடித்த பந்துகளோடு கோவைக்கு இறங்கியது. வார்ம்-அப்பில் தட்டினால் எழும்பவே இல்லை. எதிரணிப் பெண்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. கையில் பம்பும் ஊசியும் இல்லாமல் கொண்டை ஊசி வளைவைத் தாண்டாதீர்கள்.

பனிக்காலத்தில் வேறொரு தொல்லை. அழுத்தம் சரியாக இருந்தாலும் ரப்பர் குளிர்ந்து பந்து சோம்பும். ராத்திரி அடுப்படிப் பக்கம் வையுங்கள். அடுப்புமேல் அல்ல.

மழையிலும் பனியிலும் எப்படிப் பயிற்சி செய்வது?

சிரமம்தான். நம் ஊரில் கோர்ட் என்றால் பெரும்பாலும் திறந்தவெளி சிமெண்ட் தளம். ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. நடுவில் மூடுபனி. தளம் முழுக்கப் பாசி பிடிக்கும். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தென்னந்துடைப்பத்தால் தேய்ப்பதைத்தான் பிள்ளைகளுக்கு முதல் பாடமாக வைத்திருக்கிறேன். பாசித் தளத்தில் லே-அப், அதாவது ஓடிவந்து குதித்துக் கூடை போடுவது, எடுத்தால் மணிக்கட்டு போகும்.

மழை நாளில் லயன் வாசலில், கூரைக்கு அடியில், இரண்டு அடி இடத்தில் பந்து தட்டலாம். நான் அப்படித்தான் பழகினேன். பக்கத்து வீட்டுத் தாத்தா, "தட்டித் தட்டி மண்டையைப் பொளக்காதே பாப்பா" என்று கத்துவார். சுவரில் பாஸ் அடிக்கலாம். படுத்துக்கொண்டு பந்தை நேராக மேலே வீசி, சுழற்சி சரியாக வருகிறதா என்று பார்க்கலாம். ரிங்கே இல்லாமல் பாதி ஆட்டத்தைக் கற்றுக்கொள்ளலாம்.

விடியற்காலை 5 மணிக்கே வரச்சொல்ல மாட்டீர்களா? கீழே எல்லாரும் அப்படித்தானே செய்கிறார்கள்?

கீழே கரடி இல்லை. இங்கே தேயிலைக்குள் கரடியும் காட்டெருமையும் அந்த நேரத்தில்தான் நடமாடும். வெளிச்சம் வந்த பிறகு, இரண்டு மூன்று பேராக வாருங்கள்.

விளையாட்டு விடுதியில் எப்படிச் சேர்வது?

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் விடுதிகள் இருக்கின்றன. 7, 8, 9, 11-ம் வகுப்புகளில் சேர்ப்பார்கள். பெரும்பாலும் கோடையில் மாவட்ட அளவில் தேர்வு நடக்கும். அதில் தேறினால் மாநில அளவில் இன்னொன்று. சாப்பாடு, தங்குமிடம், உடை, பயிற்சி எல்லாம் அரசு செலவு. பக்கத்துப் பள்ளியில் படிக்க வைப்பார்கள். அறிவிப்பு வரும்போது மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேளுங்கள். வயதுச் சான்று, பள்ளிச் சான்று, ஆதார், பழைய போட்டிச் சான்றிதழ்களை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். எஸ்டேட் பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றில் ஒரு பெயர், பள்ளியில் இன்னொரு பெயர் என்று இருப்பது சகஜம். அதை முதலில் சரிசெய்யுங்கள். எனக்கு ஓர் எழுத்து மாறியிருந்தது. அந்த எழுத்துக்காக அம்மா 3 நாள் கூலியை இழந்தார்.

பெற்றோருக்கு இதிலிருக்கும் கஷ்டம் வேறு. 12, 13 வயதுப் பிள்ளையை மலையிலிருந்து இறக்கி அனுப்ப வேண்டும். அனுப்பத்தான் வேண்டுமா என்றால், ஆட்டத்தைப் பிழைப்பாகப் பார்ப்பவர்களுக்கு, ஆமாம். இங்கே தரமான எதிரணி கிடையாது. ஒரே பத்துப் பேரோடு வருடம் முழுக்க ஆடினால் அந்தப் பத்துப் பேரை ஜெயிக்க மட்டும்தான் தெரியும். நம் மலைப் பிள்ளைகள் கையாட்டத்தில் குறைந்தவர்கள் இல்லை. போட்டி போதாமல்தான் பின்தங்குகிறார்கள்.

முதல் மாதம் பிள்ளை போனில் அழும். கூட்டிக்கொண்டு வந்துவிடாதீர்கள். மூன்றாம் மாதமும் அழுதால் போய்ப் பாருங்கள், என்ன நடக்கிறது என்று நேரில் கேளுங்கள். எல்லா அழுகையும் வீட்டு ஞாபகம் அல்ல.

சான்றிதழ்களில் எது முக்கியம்?

மத்திய அரசு வேலைக்குப் படிவம் 1, 2, 3, 4 என்று இருக்கிறது. நாட்டுக்காக ஆடியது படிவம் 1. மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியது 2. பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான போட்டி 3. பள்ளிகளுக்கான தேசியப் போட்டி 4. மாநில அரசுப் பணியில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. பொறியியல் சேர்க்கையிலும் தனி இடங்கள் உண்டு. தெருமுனைப் போட்டியில் வாங்கிய ஆளுயரக் கோப்பைக்கு இங்கே மதிப்பில்லை. மாநில அணியில் பெஞ்சில் உட்கார்ந்து வாங்கிய ஒரு தாளுக்கு மதிப்பு இருக்கிறது.

அந்தத் தாளைப் பத்திரப்படுத்துவதும் ஒரு வேலை. நம் வீடுகளில் பூஞ்சை பிடிக்கும். என் ஒரு சான்றிதழில் கையெழுத்தே கரைந்துபோய், மறுபிரதி வாங்க எட்டு மாதம் அலைந்தேன். பிளாஸ்டிக் உறை, உள்ளே நாலு கிராம்பு, பீரோவின் மேல்தட்டு. நகலைப் போனிலும் வையுங்கள்.

பெண் பிள்ளையை அனுப்பலாமா?

நான் போனேன். அனிதா பால்துரை போனார். சென்னைக்காரர், தெற்கு ரயில்வே ஆட்டக்காரர், பல ஆண்டு இந்திய மகளிர் அணியின் தலைவர். 2017-ல் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பை பி பிரிவு இறுதி ஆட்டத்தில் கஜகஸ்தானை 75-73 என்று வென்ற அணிக்கு அவர்தான் தலைவர். குழந்தை பெற்ற பிறகு திரும்பி வந்து ஆடியவர். 2021-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நம் ஊர்ப் பெண் பிள்ளைகளின் அறைச் சுவரில் ஏன் இவர் படம் இல்லை என்று எனக்கு இன்றுவரை ஆதங்கம்.

கேரளத்தின் கீது அன்னா ஜோஸும் தெற்கு ரயில்வேதான். ஆஸ்திரேலியாவில் ஆடினார். 2011-ல் அமெரிக்க மகளிர் லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ. அணிகளின் தேர்வு வரை போய்வந்தார்.

பெற்றோர்கள் உண்மையில் கேட்க விரும்புவது வேறு என்று எனக்குத் தெரியும். ஷார்ட்ஸ், ராத்திரிப் பயணம், கல்யாணம். ஷார்ட்ஸுக்குள் நீளமான டைட்ஸ் போடலாம், விதி தடுக்காது. பயணத்தில் அணியோடு பெண் மேலாளர் வருகிறாரா என்று கேளுங்கள். இல்லை என்றால் அனுப்பாதீர்கள், சங்கடப்படாமல் சொல்லுங்கள். கல்யாணம் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். வேலை இருக்கும் பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுவது எளிதா, கஷ்டமா என்று உங்களுக்கே தெரியும்.

மாதவிடாயைப் பற்றிப் பயிற்சியாளரிடம் பேசப் பிள்ளைக்குத் தைரியம் கொடுங்கள். ஓட்டம் கூடி, சாப்பாடு போதாமல் போனால் சுழற்சி நின்றுவிடும், எலும்பு பலவீனமாகும். மாதம் தவறினால் "விளையாடுகிற பிள்ளைக்கு அப்படித்தான்" என்று விடாதீர்கள். மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆடிக்கொண்டிருந்தபோது உங்கள் ஒரு நாள் எப்படி இருந்தது?

4.45-க்கு எழுவேன். 5.30-லிருந்து 7.30 வரை கோர்ட். குளித்து, இட்லியை பஸ்ஸில் தின்று, 10 மணிக்கு ஆபீஸ். கவுன்ட்டரில் கூட்டம் நிற்கும். எனக்குக் கால் ஓயாது. 3 மணிக்கு அனுமதி வாங்கிக் கிளம்பும்போது பக்கத்து மேசைக்காரர்கள் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். 4 மணியிலிருந்து 7 வரை மறுபடி கோர்ட், எடைப் பயிற்சி. 9 மணிக்குத் தூக்கம். சினிமா, கல்யாணம், ஊர்த் திருவிழா எதுவும் கிடையாது. எங்கள் எஸ்டேட் மாரியம்மன் திருவிழாவை 9 வருடம் பார்க்கவில்லை.

பெரியகுளம் போட்டி என்கிறார்களே, அது என்ன?

கொடைக்கானல் மலையின் அடிவாரத்தில் பெரியகுளம். மாந்தோப்பு ஊர். அங்கே சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் என்ற மன்றம் வருடாவருடம் மே மாதத்தில் பி.டி. சிதம்பர சூரியநாராயணன் நினைவுக் கோப்பைக்கு அகில இந்தியப் போட்டி நடத்துகிறது. ராணுவம், ரயில்வே, வங்கி அணிகளெல்லாம் அந்தச் சின்ன ஊருக்கு வந்து விளக்கு வெளிச்சத்தில் ஆடும். கிரிக்கெட்டைத் தவிர வேறெதற்கும் கூட்டம் வராது என்று நினைப்பவர்கள் ஒரு மே மாத ராத்திரி அங்கே போய் நிற்க வேண்டும். கிழவர்கள் நடுவரைத் திருத்துவார்கள், அதுவும் சரியாகத் திருத்துவார்கள்.

பழனி மலைப் பக்கத்துப் பெற்றோருக்குச் சொல்கிறேன். வத்தலக்குண்டு வழியாக இறங்கினால் இந்தியாவின் நல்ல ஆட்டக்காரர்களைப் பக்கத்திலிருந்து பார்க்கலாம். பத்து யூடியூப் வீடியோவைவிட அந்த ஒரு ராத்திரி மேல். நீலகிரிக்காரர்களுக்குக் கோவையில் நாச்சிமுத்து கவுண்டர் கோப்பை இருக்கிறது, அதற்குப் போங்கள்.

என்.பி.ஏ.க்குப் போக முடியுமா?

பையன்கள் கேட்பது இது. 30 அணி, அணிக்கு 15 நிரந்தர ஒப்பந்தம், ஆக மொத்த உலகத்துக்கும் 450 நாற்காலி. பஞ்சாபின் பல்லோ கே என்ற கிராமத்துப் பிள்ளை சத்னாம் சிங், 7 அடி 2 அங்குலம், 2015-ல், அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாக எடுக்கும் டிராஃப்டில், டல்லாஸ் அணியால் 52-வதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்படித் தேர்வான முதல் இந்தியர் அவர்தான். என்.பி.ஏ. சீசனில் ஓர் ஆட்டம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை, கீழ்நிலை லீக்கில்தான் ஆடினார். அதே 2015-ல் சாக்ரமென்டோவுக்காகக் களமிறங்கிய சிம் புல்லர் இந்திய வம்சாவளி, ஆனால் கனடாக்காரர். அப்புறம் பிரின்ஸ்பால் சிங். கிரேட்டர் நொய்டாவில் 2017-ல் தொடங்கிய என்.பி.ஏ. அகாடமியிலிருந்து போய், 2021-ல், புதியவர்களைச் சோதித்துப் பார்க்கும் கோடைக்கால லீக்கை வென்ற சாக்ரமென்டோ அணியில் இருந்தார்.

இந்தியாவில் பிறந்து வளர்ந்த ஒருவரும் இன்னும் அந்த வாசலைத் தாண்டவில்லை என்பதுதான் நிலவரம். கனவு காணட்டும், தடுக்காதீர்கள். அந்தக் கனவுக்காக வீட்டு நகையை அடகு வைத்து ஏதோ ஒரு வெளிநாட்டு முகாமுக்குப் பணம் கட்டாதீர்கள்.

சத்துப் பொடி டப்பா வாங்கிக் கொடுக்கலாமா?

வேண்டாம். சத்னாம் சிங் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி 2 ஆண்டு தடை வாங்கினார். சிக்கிய பொருள் ஹைஜினமைன். கடையில் விற்கும் டப்பாக்களில் கலந்திருக்கக்கூடிய சாமான் அது. தெரியாமல் குடித்தேன் என்பது அங்கே செல்லாது. முட்டை, பருப்பு, வேர்க்கடலை, பால் போதும். எங்கள் வீட்டில் தேங்காய் ரொட்டியும் கருவாட்டுச் சம்பலும். அதில் வளர்ந்த உடம்புதான் இது.

ஷூ எவ்வளவு விலையில்?

பிடிக்கும் அடிப்பாகம், கணுக்கால் ஆடாத பிடிப்பு. இரண்டும் இருந்தால் போதும். வளரட்டும் என்று ஒரு சைஸ் பெரிதாக மட்டும் வாங்காதீர்கள்.

காயம் பட்டால்?

கணுக்கால் பிசகுவது சகஜம். குதித்து இறங்கும்போது அடுத்தவர் பாதத்தின்மேல் இறங்கினால் மடங்கும். நீவி விடாதீர்கள். ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல், ஓய்வு. மடங்கிய காலில் நாலு அடிகூட நடக்க முடியாவிட்டால் எக்ஸ்ரே.

முழங்கால் வேறு விஷயம். உள்ளே ஏ.சி.எல். என்ற தசைநார் இருக்கிறது. ஓடிவந்து சட்டென்று நின்று திரும்பும்போது, யாரும் தொடாமலேயே அறும். பெண்களுக்கு ஆண்களைவிட அதிகமாக அறுகிறது. எனக்கு அறுந்தபோது உள்ளே "டப்" என்று சத்தம் கேட்டது, கொஞ்ச நேரத்தில் முட்டி பூசணிக்காய் ஆனது. போட்டி நடந்த ஊரில் ஒரு மருத்துவமனையில் தசைப்பிடிப்பு என்று சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். நானும் நம்பி, வலி குறைந்ததும் நாலு மாதம் ஆடினேன். அதற்குள் குருத்தெலும்பும் கிழிந்தது. அறுவை சிகிச்சை, 10 மாத ஓய்வு, திரும்பி வந்து ஒரு சீசன். பழைய பாய்ச்சல் வரவில்லை. அவர்கள்மேல் கோபம் இருந்தது. சத்தம் கேட்ட முட்டியை வைத்துக்கொண்டு எம்.ஆர்.ஐ. எடுக்காமல் இருந்த என்மேலும்தான். சத்தம் கேட்டு உடனே வீங்கினால் ஸ்கேன் எடுக்காமல் பந்தைத் தொடாதீர்கள்.

இப்போது என் பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு நாள் இறங்குவதற்கு மட்டும் பயிற்சி. மெதுவாக, முட்டி உள்ளே சாயாமல், சத்தம் வராமல் இறங்க வேண்டும். பெற்றோர்கள் "எப்போது பந்து கொடுப்பீர்கள்" என்கிறார்கள். கொடுப்பேன்.

எத்தனை வயது வரை ஆடலாம்?

30-லிருந்து 35. பெரிய உடம்புக்காரர்கள் சிலர் கூடவும் ஆடுகிறார்கள். அப்புறம் ஆபீஸ் வேலையே முழுநேர வேலை. பாட்டியாலாவில் இருக்கும் தேசிய விளையாட்டு நிறுவனத்தில், என்.ஐ.எஸ்.ஸில், டிப்ளமோ முடித்தால் பயிற்சியாளர் ஆகலாம். நடுவர் தேர்வு எழுதலாம். படிப்பை விடாதீர்கள் என்று நான் சொல்வது இதற்குத்தான். டிகிரி இல்லாதவர்கள் அதே கவுன்ட்டரில் 20 வருடம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் ஊரில் முழு கோர்ட் இல்லை. அரை கோர்ட்தான். பயனுண்டா?

நிறைய உண்டு. மூன்றுக்கு மூன்று என்ற ஆட்டம் டோக்கியோ ஒலிம்பிக்கிலிருந்து ஒலிம்பிக் விளையாட்டு. ஒரு ரிங், பக்கத்துக்கு 3 பேர், 10 நிமிடம், முதலில் 21 எடுத்தால் வெற்றி, 12 விநாடிக்குள் ஷாட் போட வேண்டும். நம் மலையில் 28 மீட்டர் சமதளம் கிடைப்பதே அபூர்வம். ஒரு போர்டும் பாதித் தளமும் போட இடம் இல்லாத ஊர் கிடையாது. பஞ்சாயத்தில் கேட்கும்போது முழு கோர்ட் என்று ஆரம்பிக்காதீர்கள், அரை கோர்ட் கேளுங்கள். கிடைக்கும்.

நீங்கள் இன்னும் ஆடுகிறீர்களா?

ஃப்ரீ த்ரோ மட்டும். குதிக்க வேண்டாம் அல்லவா. போர்டிலிருந்து 4.6 மீட்டர் தள்ளி நின்று, சாயங்காலம் 50 போடுவேன். நவம்பரில் அந்த நேரத்துக்குப் பனி இறங்கி ரிங் மறைந்துவிடும், போர்டின் ஓரம் மட்டும் மங்கலாகத் தெரியும். பிள்ளைகள் ரிங்குக்கு அடியில் நின்றுகொண்டு, "உள்ளே அக்கா", "வெளியே அக்கா" என்று கத்துவார்கள். போன வாரம் 50-க்கு 43 என்றார்கள். இரண்டு மூன்று கூட்டிச் சொல்லியிருப்பார்கள் என்று சந்தேகம்.